சால்ஸ்பரியில் உமா பெயருக்கு ஒரு சீட்டு

பிப்ரவரி இரண்டாவது வெள்ளிக்கிழமை, என் மகள் உமாவுடன் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்திலிருந்து சால்ஸ்பரிக்கு ரயிலில் போய் அன்றே திரும்பி வந்தேன். பேராலயத்துக்குப் பேர்போன பழைய ஊர் அது. பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகிற என் வயதுப் பெண்கள் பலர், ‘ஒரே நாளில் எங்கே போய் வரலாம்’ என்று கேட்பதால் எழுதுகிறேன். இது உற்சாகமாக ஊர் சுற்றப் போன பயணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உமாவுக்கு அங்கே ஒரு வேலைக்கு இன்டர்வியூ. அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் ஒட்டிக்கொண்டேன். போகும்போதும் களைப்பு, வரும்போதும் களைப்பு, நடுவில் கொஞ்சம் கல் கட்டடம்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஸ்டீல் பாத்திரக் கடை. ஒரே மகள் உமா படிக்கப் போய் மூன்று வருஷம் ஆகிறது. படிப்பு முடிந்து ரெடிங்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விசா மார்ச் கடைசியில் முடிகிறது. அதற்குள் விசாவுக்கு ஸ்பான்சர் செய்கிற முதலாளி கிடைத்தால் அங்கேயே இருக்கலாம், கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்டது சால்ஸ்பரியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லம் மட்டும்.

உமாவுக்கு அந்த வேலை வேண்டும். என் வீட்டுக்காரருக்கும் வேண்டும். மகள் லண்டனில் இருக்கிறாள் என்று ஆரியசாலை முக்கு வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார். ரெடிங் லண்டன் இல்லை என்று நான் திருத்துவதையும் விட்டுவிட்டேன். எனக்கு மட்டும் அவள் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. இதை நான் வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை, உமாவிடமும் சொன்னதில்லை. மகள் முன்னேறுகிற நேரத்தில் காலைப் பிடித்து இழுக்கிற அம்மா என்று பேர் வாங்க யாருக்கு ஆசை?

அங்கே போய் மூன்று வாரம் அவளுடைய அறையில் தங்கிய பிறகு அந்த எண்ணம் இன்னும் முற்றிவிட்டது. ஐந்து பேர் வாடகைக்கு இருக்கிற வீடு. உமாவுக்கு மாடியில், கூரை சரிந்த ஒரு அறை. காலையில் வேலை முடிந்து வந்து, நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு, கறுப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பாள். பகலில் கீழே யாராவது கதவைச் சாத்தினால் எழுந்துவிடுவாள். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் தூங்கி நான் பார்க்கவில்லை. முகம் சாம்பல் பூசணிக்காய் மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

இன்டர்வியூ அன்றைக்கும் லீவு கிடைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து, ஏழே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டி எடுத்துக்கொண்டேன்.

ரெடிங்கில் ரயில் 9:12க்கு. நேரடி ரயில் கிடையாது. பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் இறங்கி மாற வேண்டும். அங்கே 9:37க்கு இறங்கினோம், அடுத்த ரயில் 9:53க்கு. நடைமேடை மாறுவதற்குப் பதினாறு நிமிடம் தாராளம், ஆனால் என் முழங்காலுக்குப் படிக்கட்டு ஆகாது, லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று தேடியதில் பாதி நேரம் போய்விட்டது. சால்ஸ்பரியில் 10:29க்கு இறங்கினோம். ஒன்பது மணிக்கு மேல் கிளம்பி அன்றே திரும்புகிற டிக்கெட் ஆளுக்கு 27 பவுண்ட் 80 பென்ஸ், நம் பணத்தில் மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. தூரம் 83 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரம்தான். அதற்கு நாம் இருபது முப்பது ரூபாய் கொடுப்பதை நினைத்தால் வயிறு எரியும், அதனால் நினைக்காமல் இருப்பது நல்லது.

வழியெல்லாம் பச்சை மேடுகள், ஆடுகள், இலையில்லாத மரங்கள். உமா கையில் பேப்பரை வைத்துக்கொண்டு கேள்வி பதிலை முணுமுணுத்தாள். நடுநடுவே தலை தொங்கிப் போகும், உதறிக்கொண்டு நிமிர்வாள். கொஞ்சம் தூங்கேன், நான் எழுப்புகிறேன் என்றேன். தூங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

இன்டர்வியூ 11:30க்கு, ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். என்னைப் பேராலயத்தில் இருக்கச் சொன்னாள், முடித்துவிட்டு அங்கே வருவதாக ஏற்பாடு. பஸ் நிறுத்தத்தில் அவள் கோட்டுக் காலரைச் சரி செய்துவிட்டேன்.

“எனக்கு பேடியா இருக்கும்மா. நீ அங்க போயி எனக்காக நல்லா வேண்டிக்கோ, கேட்டியா” என்றாள். பேடி என்றால் எங்கள் ஊரில் பயம்.

தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ‘சரி’ என்று சொல்லவில்லை. சொல்லாமல் தப்பித்துக்கொண்டதாக ஒரு அற்பத் திருப்தி.

ஸ்டேஷனிலிருந்து பேராலயத்துக்கு நடை தூரம், ஒரு கிலோமீட்டர் இருக்கும். மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். வழி கேட்கவே வேண்டாம், கோபுரம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 404 அடி உயரம், அந்த நாட்டிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் இதுதான். பழைய மதில் வாசலைத் தாண்டி உள்ளே போனால் பெரிய புல்வெளி, சுற்றிலும் பழைய வீடுகள். எங்கள் பத்மநாப சுவாமி கோயில் கிழக்கே கோட்டையில் ஜனத்துக்கு நடுவே இருக்கிறது. இதைச் சுற்றி இவ்வளவு இடம் சும்மா விட்டு வைத்திருக்கிறார்களே என்று ஒரு கடைக்காரிக்கு வருகிற எண்ணம் எனக்கும் வந்தது.

உள்ளே போகும்போது பழக்கதோஷத்தில் ஃபோனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டேன். எங்கள் கோயிலில் ஃபோன் கூடாது, ஆண்களுக்குச் சட்டை கூடாது, பெண்கள் சுடிதாரோடு வந்தால் மேலே ஒரு முண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஃபோட்டோகூட எடுத்துக்கொள்ளலாம், செருப்போடு வரலாம் என்றார்கள். இவ்வளவு சலுகை கொடுத்தால் எனக்குச் சாமி கும்பிடுகிற மனநிலையே வருவதில்லை. நுழைவுச் சீட்டு பதினோரு பவுண்ட்.

கோபுரத்துக்கு நேர் கீழே நின்று நான்கு தூண்களைப் பாருங்கள். மேலே இருக்கிற பாரத்தால் கல் தூண் வளைந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். எழுநூறு வருஷம் சுமந்தால் யாருக்குத்தான் வளையாது! பதினான்காம் நூற்றாண்டில் செய்த ஒரு கடிகாரமும் இருக்கிறது. அதற்கு முகம் இல்லை, முள் இல்லை, மணி அடிக்க மட்டும் தெரியும். இரும்புச் சக்கரங்களைப் பார்த்தபோது வீட்டுக்காரர் இங்கே வந்திருந்தால் அரை மணி நேரம் நகர மாட்டாரே என்று நினைத்தேன். பிறகு ஞானஸ்நானத் தொட்டி. நான்கு மூலையிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, மேற்பரப்பு மட்டும் கண்ணாடி போல அசையாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் முக்கால்வாசி நேரம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டரை மணி இருக்கும். கொஞ்சம் தள்ளி ஒரு மேஜை, அதில் சிறு சீட்டுகள், பென்சில்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி அங்கே உதவிக்கு நின்றார். வேண்டுதல் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார். வழிபாட்டுக் கவுண்டரைக் கண்ட சந்தோஷம் எனக்கு. உடனே ஒரு சீட்டில், ஆங்கிலத்தில், ‘உமா, உத்திரட்டாதி’ என்று எழுதி நீட்டினேன்.

எங்கள் ஊர்க் கோயில் கவுண்டரில் இரண்டே கேள்விதான். பேரு? நாளு? நாள் என்றால் நட்சத்திரம். அதைச் சொன்னால் ரசீது தருவார்கள். பூசை செய்கிற போற்றி உள்ளே போய்ப் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்வார். என்ன வேண்டும் என்று போற்றியும் கேட்பதில்லை, கவுண்டர்க்காரரும் கேட்பதில்லை. அது நமக்கும் சாமிக்கும் நடுவில். இந்த மூன்று வருஷமும் நானும் வீட்டுக்காரரும் மாதா மாதம் ஒரே ரசீதை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் நின்று, அவர் உமா அங்கே நிலைக்க வேண்டும் என்றும் நான் அவள் வர வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு இது தெரியாது. ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நல்ல ஏற்பாடு.

அந்தப் பெண்மணி சீட்டைப் படித்து, உத்திரட்டாதி என்பது குடும்பப் பெயரா என்று கேட்டார். பிறந்த நட்சத்திரம் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். பிறகு, உமாவுக்காக என்ன வேண்டிக்கொள்ளட்டும் என்று கேட்டார். கடவுளுக்குத் தெரியும் என்றேன். அவருக்குத் தெரியும், வாசிக்கிறவருக்குத் தெரியாதே என்று சிரித்தார்.

பென்சிலைத் திரும்ப வாங்கினேன். ‘வேலை’ என்று எழுதலாம். அவள் கேட்டதும் அதுதான். ஆனால் கை எழுத வரவில்லை. மூன்று வருஷமாக எந்தச் சாமியிடமும் வாய் திறந்து சொல்லாததை, ஒருவரையும் தெரியாத ஊரில், ஒரு துண்டுச் சீட்டில் எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? அதோடு, என் சாமியோ பிறர் சாமியோ, சந்நிதியில் நின்று பொய் எழுத எனக்குப் பயம். ‘உமா வீட்டுக்கு வந்து சேர வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வாசிக்கிறவர் போற்றி மாதிரி உள்ளே எங்கோ போய் முணுமுணுப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் பேராலயத்தில் தினமும் மத்தியானம் எல்லோரையும் நிற்க வைத்துச் சிறிய பிரார்த்தனை செய்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு மணிக்குக் கறுப்பு அங்கி போட்ட பாதிரியார் அம்மா ஒருவர் மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். தூணுக்குத் தூண் ஸ்பீக்கர். முதலில் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஒருவர், பிறகு இறந்துபோன ஒருவர். அடுத்ததாக, “உமா உத்ர… உத்ரட்டாத்தி. அவள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று அவளுடைய தாய் வேண்டுகிறார்” என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அங்கே நின்ற அறுபது எழுபது பேரும் தலை குனிந்து ‘ஆமென்’ என்றார்கள்.

திரும்பிப் பார்த்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம், கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு உமா நின்றிருந்தாள்.

அதற்குள் சீட்டு வாங்கிய பெண்மணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மகளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டார். காணாமல் போன பிள்ளை என்று எடுத்துக்கொண்டார் போல. இன்று காலை பதினோரு மணிக்குப் பார்த்தேன் என்றேன். வேறு என்ன சொல்வது? உமா வந்து, நான்தான் உமா என்று சொல்லி, அவருக்கு அழகாக நன்றியும் சொன்னாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடவுள் இவ்வளவு சீக்கிரம் கேட்டு நான் பார்த்ததில்லை என்றார்.

வெளியே புல்வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல குளிர் காற்று. இன்டர்வியூ எப்படி என்று கேட்டேன். “குழப்பமில்ல” என்றாள். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இரண்டு சப்பாத்தி சாப்பிட்டாள். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று மறுபடி உள்ளே போய், அரசனைக் கட்டுப்படுத்த எழுதிய எண்ணூறு வருஷப் பழைய சாசனத்தை வைத்திருக்கிற மண்டபத்தையும் பார்த்தோம். இருட்டான சிறு கூடாரத்துக்குள் ஒரு தோல் தாள், பொடி எழுத்து. உமா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு எழுத்தும் படித்திருக்க மாட்டாள்.

திரும்புகிற ரயில் 3:27க்கு. ஊர் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, எவ்வளவு நாளாக இதை வேண்டுகிறாய் என்று கேட்டாள். நீ போன நாள் முதலாக என்றேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததும் இதற்குத்தானா என்றாள். ஆமாம் என்றேன். அப்பா? அவர் வேலைக்காக வேண்டுகிறார் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் இரண்டு காரியம் கேட்டால் பிள்ளையார் பாவம், என்ன செய்வார் என்றாள். சிரிப்பு அடங்கியதும், இன்றைக்கு ஒரு நாளாவது எனக்காக வேண்டியிருக்கலாம் என்றாள்.

“எனக்கு தேஷ்யம் அதில்லம்மா” என்றாள். கோபம் அதற்கில்லையாம். “மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவ நீ எங்கிட்ட வான்னு சொல்லல. ராத்திரி வேல முடிஞ்சு, ஒடம்பு தளந்து, ஷீணமா இருக்கும்மான்னு நான் ஃபோன்ல சொல்லும்போதெல்லாம், நல்லா சாப்பிடு, பத்திரமா இருன்னு சொல்லி வச்சிருவ. நான் திரும்பி வர்றது உங்க ரெண்டு பேருக்கும் நாணக்கேடுன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் இங்கயே பிடிச்சு நின்னேன். யாருன்னே தெரியாத அத்தன பேர் கேக்க சொன்னியே, எங்கிட்ட சொல்லிருக்கலாம் அல்லே?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். உன்னைத் தடுக்கிறவளாக ஆகிவிடுவேனோ என்ற பயம்தான் என்றேன். மனசிலாச்சு என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். பேசிங்ஸ்டோக்கில் எழுப்பினேன். அடுத்த ரயிலிலும் தூங்கினாள். 5:05க்கு ரெடிங் வந்து சேர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. உமா துள்ளிக் குதிக்கவில்லை. ஃபோனைக் கட்டிலில் வைத்துவிட்டு, இப்போது சொல் என்பது போல என்னைப் பார்த்தாள். ‘உன் இஷ்டம்’ என்று சொல்லத்தான் நாக்கு போயிற்று. நல்ல அம்மாக்கள் சொல்வது அதுதானே. அதை விழுங்கிவிட்டு, “வா உமா” என்றேன். “வேலய எடுத்துக்கோ, வேண்டாம்னு சொல்லல. ஆனா நான் வான்னுதான் சொல்லுவேன். ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன்.”

அவள் வேலையை எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை நான் விமானம் ஏறினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் ரயில் ஏறினால் கட்டணம் கூடுதல், தாமதமாகவே கிளம்புங்கள். நம் கோயில் மாதிரி மத்தியானம் நடை சாத்துகிற வழக்கம் அங்கே இல்லை, அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கத்தான் டிக்கெட், பிரார்த்தனை செய்ய மட்டும் என்று சொன்னால் பணம் வாங்குவதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். டிக்கெட் விலையையும் ரயில் நேரத்தையும் போகிற நாளில் ஒரு தடவை சரி பார்த்துக்கொள்ளுங்கள், நான் எழுதியது நான் போன நாளின் கணக்கு. உள்ளே நாற்காலிகள் நிறைய இருக்கின்றன, முழங்கால் வலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். சாப்பாடு கையில் இருந்தால் நல்லது. வெளியே ஒரு டீயும் ஒரு கேக்கும் எட்டு பவுண்டுக்குக் குறையாது. சீட்டு எழுதினால் ஒரு மணிக்கு மைக்கில் வாசிப்பார்கள், யோசித்து எழுதுங்கள்.

உமா இப்போது சால்ஸ்பரியில் இருக்கிறாள். பகல் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோனில் பேசி முடிக்கும்போது, வா என்கிறேன். இப்போ இல்லம்மா என்கிறாள். பக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரர் முதல் வாரம் என்னை முறைத்தார், இரண்டாவது வாரம் பேசாமல் இருந்தார். போன ஞாயிறு கடையில் சரக்கு இறக்கி எனக்கு உடம்பெல்லாம் வலி. ஏதோ பேசிவிட்டு ஃபோனை வைக்கப் போனேன்.

“அம்மா,” என்றாள் உமா, “இன்னிக்கு நீ என்னக் கூப்பிடலையே.”